சவலைக் குழந்தையும் உணவின் அளவும்

தமிழ் வழக்கில் 'சவலை' என்றொரு சொல் உண்டு. தாய் மறுபடியும் கருவுற்றதனாலோ, அடுத்த மகவு பிறந்துவிட்டதனாலோ, முலைப்பாலை இழந்து நலியும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்பர். இதே கருத்துடைய சொல்லொன்று ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் வழங்கிவந்தது. அக்காலத்தில் தங்கக் கடற்கரை என்றும் இப்போது கானா என்றும் பெயர்பெற்றுள்ள நாட்டில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், கால்கள் வீங்கி, தோல் உரிந்து, எதிலும் நாட்டமின்றிக் கிடந்த குழந்தைகளைப் பற்றி 1933இல் எழுதினார். அந்நாட்டுத் தாய்மார் அந்நோயைக் 'குவாஷியோர்கர்' என்று அழைத்தனர். இளைய குழந்தை பிறந்ததும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். ஒன்றையொன்று அறியாத இரு மக்களும் ஒரே நோயை ஒரே காரணத்தால் கண்டுகொண்டது வியப்புக்குரியதே.

வீக்கமின்றி, எலும்பும் தோலுமாய், முதியவர் முகத்தோடு வற்றிப்போகும் குழந்தைக்கு வேறொரு பெயர் உண்டு. 'தேரை விழுந்த குழந்தை' என்று கிராமத்தார் சொல்வர். இதனை மருத்துவ நூல்கள் மராஸ்மஸ் என்கின்றன. சவலை, தேரை என்னும் பெயர்கள் நோயைக் கண்டறிந்த அளவில் போற்றத்தக்கவை. ஆயினும் தேரையின் நிழல் பட்டதால் வந்தது என்று நம்பித் தாயத்துக் கட்டிக் காத்திருக்கும் நாட்கள், குழந்தையின் உயிரை விலையாகக் கேட்பவை.

இவ்விரு நிலைகளையும் இன்று 'கடுந்தீவிர ஊட்டக்குறைவு' என்னும் ஒரே பெயரால் குறிக்கின்றனர். 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 7.7 பேர் தம் உயரத்திற்கேற்ற எடையில் மிகமிகக் குறைந்தவர்களாயிருந்தனர். செல்வம் மிக்க மாநிலமாகிய மகாராஷ்டிரத்தில் இவ்வெண் 10.9 ஆக இருந்தது. ஆகவே இது பஞ்சம் பட்ட ஊர்களுக்கு மட்டும் உரிய நோயன்று.

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகள் தமிழருக்குப் புதியனவல்ல. மாட்டுங்காவில் அலுவலகப் பணிக்கு வந்தோரின் குடும்பங்களும், தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழியினரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். விடியுமுன்னே இட்டலி அவித்துத் தலைச்சுமையாக நகரெங்கும் அனுப்பும் தெருக்கள் தாராவியில் உள்ளன. நகரத்தின் பசியைத் தீர்க்கும் அத்தகைய தெருவிலும் சவலைப் பிள்ளை இருத்தல் கூடும். ஒற்றை அறை வீடு, பொதுக் கழிப்பிடம், சில மணி நேரமே வரும் குழாய்நீர், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, காலையில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் தாய் ஆகிய இவை ஒன்றுகூடும்போது, வீட்டில் அரிசி இருந்தும் குழந்தை நலிகின்றது. பெரியோருக்கு ஆக்கிய சோற்றை நாளைக்கு இருமுறை உண்டு வளரக்கூடிய அளவு பெரிதன்று, ஒரு வயதுக் குழந்தையின் வயிறு.

தாராவியின் எல்லையை ஒட்டியிருப்பது லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. 1947இல் தொடங்கப்பெற்ற இதனை மக்கள் சயான் மருத்துவமனை என்றே அழைப்பர். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் இங்குதான் டாக்டர் அர்மீதா பெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தோன்றியது. கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளுக்கென இங்கு ஊட்டச்சத்து மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் ஒன்றும் இயங்கிவருகின்றது. இத்தகைய மையங்களில் நடைபெறும் சிகிச்சையை முதன்முறை காண்போருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. பட்டினியால் வாடிய குழந்தைக்கு வயிறார உணவளிக்காமல், சிறு கிண்ணத்தில் நீர்த்த பாலை அளந்தளந்து கொடுக்கின்றனரே, இஃதென்ன கொடுமை என்று தாய்மார் கேட்பர். அக்கேள்விக்கு விடை அறிந்திருத்தல் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இன்றியமையாதது. விடை தெரியாத தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுவாள்.

நீண்ட நாள் உணவு குறைந்த உடல், வருவாய் குறைந்த குடும்பத்தைப் போன்று ஒவ்வொரு செலவையும் சுருக்கிக்கொள்கின்றது. இதயம் மெல்லத் துடிக்கின்றது. சிறுநீரகம் மிகுதியான நீரையும் உப்பையும் வெளியேற்றும் ஆற்றலை இழக்கின்றது. கல்லீரல் இரவெல்லாம் இரத்தத்திற்குச் சர்க்கரை வழங்க மாட்டாததாகின்றது. உயிரணு ஒவ்வொன்றின் சுவரிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஓர் இறைப்பான் உண்டு. அதற்கும் எரிபொருள் வேண்டும். எரிபொருள் குறையவே அது தளர்கின்றது. சோடியம் உள்ளே தேங்க, பொட்டாசியம் வெளியேறிச் சிறுநீரோடும் மலத்தோடும் கழிந்துவிடுகின்றது. நோய்க்கிருமி புகுந்தாலும் காய்ச்சல் எழுப்பும் வலிமை உடலுக்கு இல்லை. காய்ச்சல் இல்லாமையைக் கண்டு நோயில்லை என்று எண்ணுவது இங்கு பெரும்பிழை.

இந்நிலையில் திடீரென மிகுந்த உணவு வந்தால் என்னாகும்? இன்சுலின் சுரந்து, சர்க்கரையோடு இரத்தத்திலுள்ள பாஸ்பரசையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் உயிரணுக்களுக்குள் இழுத்துச் செல்கின்றது. இரத்தத்தில் அவற்றின் அளவு சடுதியில் வீழ்கின்றது. உயிரணுக்களில் தேங்கிய சோடியம் இரத்தத்திற்குத் திரும்ப, அதனைத் தொடர்ந்து நீரும் பெருகுகின்றது. மெலிந்த இதயம் அச்சுமையைத் தாங்காது நின்றுவிடுகின்றது. பசியால் சாகாதிருந்த குழந்தை விருந்தால் சாகும் என்பது உவமை அன்று, உடலியல் உண்மை.

உலகம் இப்பாடத்தைக் கடும் விலை கொடுத்தே கற்றது. 1945இல் ஜெர்மனியின் பெல்சன் வதை முகாம் விடுவிக்கப்பட்டபோது, படைவீரர்கள் இரக்கத்தால் அளித்த கொழுப்பு மிகுந்த உணவை உண்டு பலர் மாண்டனர். பின்னர், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் கையாளப்பட்ட பால்பொடி-சர்க்கரைக் கலவை அம்முகாமிற்குக் கொண்டுவரப்பட்டது. அதன் மிகுந்த இனிப்பை அங்கிருந்தோர் பலர் ஏற்கவில்லை. பட்டினியால் மெலிந்தோர்க்கு உணவூட்டுவது தனியொரு மருத்துவக் கலை என்பது அன்றே புலனாயிற்று.

ஆயினும் குழந்தை மருத்துவத்தில் அவ்வறிவு பரவப் பல பத்தாண்டுகள் சென்றன. வீக்கமுற்ற குழந்தைக்குப் புரதம் ஒன்றே குறை என்று கருதி, 1950களிலும் 60களிலும் தொடக்கத்திலேயே புரதம் மிகுந்த உணவளிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. இக்கருத்தை நம் நாட்டிலேயே ஆராய்ந்து மறுத்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் இருந்து பின் ஐதராபாத்திற்கு மாறிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய அவர், வீங்கிய குழந்தைக்கும் வற்றிய குழந்தைக்கும் அவர்கள் உண்ட உணவின் புரத அளவில் வேறுபாடு காணப்படவில்லை என்பதை 1968இல் எடுத்துரைத்தார். ஒரே குறைவுணவுக்கு உடல் எவ்வாறு இசைந்துகொள்கின்றது என்பதே வேறுபாடு என்பது அவர் கருத்து. நம் குழந்தைகளின் உணவில் முதற்குறை மொத்த அளவே என்பதும் அக்கூடத்தின் ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

நிற்க. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட இத்தகைய குழந்தைகளுள் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறந்தனர் என்றும், 1950களிலிருந்து நாற்பதாண்டுகள் கடந்தும் இவ்விகிதம் பெரும்பாலும் மாறவில்லை என்றும் 1990களில் உலகளாவிய ஆய்வொன்று காட்டியது. மருந்தின்மை இதற்கு முதற்காரணம் அன்று. மிகுதியாகச் செலுத்திய சிரைவழித் திரவம், வீக்கத்தை வற்றச் செய்யக் கொடுத்த சிறுநீர்ப்பெருக்கி மருந்து, முதல் வாரத்திலேயே கொடுத்த இரும்புச்சத்து, இரவில் கைவிடப்பட்ட உணவூட்டல் ஆகியவையே குற்றவாளிகள். உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட பத்துப் படிகள் கொண்ட முறை, இவற்றைத் தவிர்ப்பதையே தலையாய நோக்கமாகக் கொண்டது. அதனை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் இடங்களில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரே இறக்கின்றனர். இம்முறையைத் தழுவி நம் மத்திய சுகாதார அமைச்சு 2011இல் நெறிமுறைகளை வெளியிட்டது.

ஓர் எடுத்துக்காட்டினால் இம்முறையை விளக்கலாம். 70 சென்டிமீட்டர் நீளமும் 6 கிலோகிராம் எடையும் உள்ள ஒரு குழந்தை, வீக்கமின்றி மருத்துவமனைக்கு வருவதாகக் கொள்வோம். ஆணாயினும் பெண்ணாயினும் இது எல்லைக்குக் கீழான எடையாகும். வந்தவுடன் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு பார்க்கப்படுகின்றது. 100 மில்லிலிட்டருக்கு 54 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால், விழித்திருக்கும் குழந்தைக்கு நூற்றுக்குப் பத்து வீதமுள்ள குளுக்கோஸ் நீர் 50 மில்லிலிட்டர் புகட்டப்படும். அக்குளின் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் குறைந்திருப்பின், தாயின் வெற்று மார்போடு அணைத்துத் துணியால் போர்த்துவர். தாயின் உடலினும் சிறந்த வெப்பக் கருவி எம்மருத்துவமனையிலும் இல்லை. கிருமித்தொற்று வெளிப்படையாகத் தோன்றாவிடினும் எதிருயிரி மருந்து தொடங்கப்படும். காரணம் மேலே கூறப்பட்டது.

பிறகு உணவு. முதற்கட்ட உணவின் பெயர் எஃப்-75. அதன் 100 மில்லிலிட்டரில் 75 கலோரியும் 0.9 கிராம் புரதமுமே உள. பசும்பால் 30 மில்லிலிட்டர், சர்க்கரை 9 கிராம், எண்ணெய் 2 மில்லிலிட்டர் சேர்த்து, காய்ச்சி ஆறிய நீரால் 100 மில்லிலிட்டர் ஆக்கினால் இவ்வுணவு கிடைக்கும். சர்க்கரையைக் குறைத்துப் பொரிமாவு சேர்க்கும் முறையும் உண்டு. வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்கு அது நன்று. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 130 மில்லிலிட்டர் வீதம், நம் 6 கிலோக் குழந்தைக்கு 780 மில்லிலிட்டர் ஆகும். இரண்டு மணிக்கொருமுறை, இரவும் பகலுமாகப் பன்னிரண்டு வேளை, வேளைக்கு 65 மில்லிலிட்டர். உடல் முழுதும் வீங்கிய குழந்தையாயின் கிலோவுக்கு 100 மில்லிலிட்டரே தரப்படும்.

இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுப்பிக் கொடுப்பதே இச்சிகிச்சையின் உயிர்நாடி. முதல் இரண்டு நாட்களில் நேரும் இறப்புகளுள் பல, சர்க்கரை குறைந்து உடல் குளிர்ந்துபோகும் பின்னிரவிலேயே நேர்கின்றன. செவிலியரும் தாயும் உறக்கத்தை விட்டுக் கொடுக்கும் அந்த 65 மில்லிலிட்டர், விலையுயர்ந்த எந்த ஊசிமருந்தினும் மேலானது. குழந்தை விழுங்க மறுத்தால் மூக்கின் வழி மெல்லிய குழாய் செலுத்தி ஊட்டுவர். பொட்டாசியம், மக்னீசியம், துத்தநாகம் ஆகியவை முதலிலிருந்தே சேரும். இரும்பு மட்டும் சேராது. இரத்தச்சோகை கண்ணுக்குத் தெரிய, இரும்பைக் கொடாதிருப்பது தாய்க்கும் சில வேளை இளம் மருத்துவருக்கும் மனம் ஒப்பாத செயல். எனினும் இரும்பைக் கட்டிக் காக்கும் புரதம் குறைந்துள்ள குழந்தையின் உடலில், தனித்துத் திரியும் இரும்பு கிருமிகளுக்கே உணவாகும்.

இக்கட்டத்தில் எடை கூடுவதில்லை. வீங்கிய குழந்தைக்கோ எடை குறையவே செய்யும். தேங்கிய நீர் வடிவதே அதற்குக் காரணம். 'மருத்துவமனையில் சேர்த்த பின் பிள்ளை இன்னும் இளைத்துவிட்டது' என்று தாய் அழும் வேளை இதுதான். அவளுடைய மொழியில் இதனை முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஒருவர் அருகிருப்பின், குழந்தை மருத்துவமனையிலேயே தங்கும்.

இரண்டு முதல் ஏழு நாட்களில் வீக்கம் வடியத் தொடங்கி, குழந்தை பசியால் அழும். அழுகை இங்கு நற்செய்தி. அதன்பின் எஃப்-100 என்னும் உணவுக்கு மாறுவர். பால் 95 மில்லிலிட்டர், சர்க்கரை 5 கிராம், எண்ணெய் 2 மில்லிலிட்டர் சேர்ந்த அதில் 100 கலோரியும் ஏறத்தாழ 3 கிராம் புரதமும் இருக்கும். இம்மாற்றமும் மெல்லவே நிகழவேண்டும். முதல் இரண்டு நாள் பழைய அளவே. பிறகு வேளைக்குப் பத்துப் பத்து மில்லிலிட்டராகக் கூட்டி, குழந்தை சிறிது மீதம் வைக்கும் வரை செல்வர். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 25, மூச்சு 5 என்ற அளவுக்கு மிகுந்து அப்படியே நிலைத்தால் இதயம் தளர்வதாகக் கொண்டு அளவைக் குறைப்பர். இரும்புச்சத்து இனிக் கொடுக்கலாம். கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் எடை கூடினால் நன்று, 5 கிராமுக்குக் குறைந்தால் எங்கோ பிழையுள்ளது என்பது கணக்கு. நம் குழந்தைக்கு 10 கிராம் என்பது நாளைக்கு 60 கிராம். நூற்றுக்கு 15 பங்கு, அதாவது 900 கிராம் கூடி 6.9 கிலோ ஆக, இவ்வேகத்தில் பதினைந்து நாட்கள் ஆகும்.

இதற்கிடையே குழந்தையோடு பேசுவதும் விளையாடுவதும் சிகிச்சையின் பகுதியேயாம். கிலுகிலுப்பையும் மரச்செப்பும் இல்லாத பிரிவு, பாதி மருந்தில்லாத பிரிவு. பல நாள் எதையும் பாராதிருந்த குழந்தை ஒரு காலை தாயைப் பார்த்துச் சிரிக்குமாயின், எடைக்கருவி காட்டுமுன்பே குணம் தொடங்கிற்று என்று அனுபவம் மிக்க செவிலியர் அறிவர்.

ஆனால் பதினைந்து நாள் மருத்துவமனையில் தங்குவதென்பது தாராவித் தாய்க்கு எளிதன்று. வீட்டில் மற்ற பிள்ளைகள் உளர். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. மறுவாழ்வு மையங்களில் தாய்க்குக் கூலியிழப்புத் தொகை அளிக்கும் ஏற்பாடு இதனை உணர்ந்தே செய்யப்பட்டது. அது போதுமானது என்று கூறுவதற்கில்லை. ஆகவே எல்லாக் குழந்தைகளையும் படுக்கையில் சேர்ப்பதில்லை. வீக்கமோ வேறு நோயோ இன்றி, கொடுத்ததை ஆவலோடு உண்ணும் குழந்தைக்கு வீட்டிலேயே சிகிச்சை தரலாம் என்பது இன்றைய கொள்கை. வேர்க்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துக்கள் ஆகியவற்றை அரைத்துச் செய்யும் பசை போன்ற மருத்துவ உணவை இதற்குக் கையாளுகின்றனர். சயான் மருத்துவமனையின் மையத்திலேயே அத்தகைய உணவு தயாரிக்கப்பட்டுள்ளது. அதில் நீர் சேர்க்கப்படாமையால் கிருமி எளிதில் வளராது. சமைக்கவும் கலக்கவும் வேண்டியதில்லை. குழாய்நீரை நம்ப முடியாத இடத்தில் இது சிறு நன்மையன்று. பொட்டல உணவு வீட்டுச் சோற்றின் இடத்தைப் பிடித்துவிடுமோ என்னும் அச்சம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும் சில வாரங்களுக்கு மருந்தாக உண்பது வேறு, வாழ்நாள் உணவாகக் கொள்வது வேறு.

நோயுள்ள குழந்தையைத் தெருவிலேயே கண்டறிதல் இவை அனைத்துக்கும் முற்பட்டது. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கப்பட்டபோது, தாராவியும் அவற்றுள் ஒன்றாயிருந்தது. 1999இல் டாக்டர் அர்மீதா பெர்னாண்டஸ் தோற்றுவித்த ஸ்நேஹா என்னும் தொண்டு நிறுவனமும், 2010க்குப் பின்னான ஆண்டுகளில் தாராவியின் அங்கன்வாடிகளோடு இணைந்து இப்பணியைச் செய்தது. இதற்கு வேண்டிய கருவி ஒரு நாடா மட்டுமே. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடக்கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே நாடாவைச் சுற்றவேண்டும். இறுக்கவும் கூடாது, தொங்கவிடவும் கூடாது. 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாயின் சிவப்பு. அதற்கு மேல் 12.5 வரை மஞ்சள். அடுத்து, இரு பாதங்களின் மேற்புறத்தையும் பெருவிரலால் சிறிது நேரம் அழுத்தி எடுக்கவேண்டும். இரண்டிலும் பள்ளம் நின்றால், கையின் சுற்றளவு எவ்வளவாயினும், அன்றே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். கொழுகொழுவென்று தோன்றும் வீங்கிய குழந்தையே அண்டை அயலாரின் கண்ணிலிருந்து எளிதில் தப்பிவிடுகின்றது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையை இந்நாடாவால் அளந்து முடிவுசெய்தலாகாது. அதன் சிகிச்சை தாய்ப்பாலை மீண்டும் சுரக்கச் செய்வதைச் சார்ந்தது.

ஆசிரியர்க்கு இதில் என்ன பங்கு என்று வினவலாம். மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படிக்கும் சிறுமி ஒருத்தி அடிக்கடி பள்ளிக்கு வராமலிருப்பாள். கேட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வாள். அத்தம்பி எப்படியிருக்கின்றான், என்ன உண்கின்றான், நடக்கின்றானா என்று மேலும் இரண்டு கேள்வி கேட்கும் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் கதவு தட்டியும் திறவாத வீட்டை அறிந்துகொள்கின்றார். தாய் வேலைக்குப் போன பகல்வேளையில் கணக்கெடுக்க வருவோர் கண்ணில் அக்குழந்தை பட்டிராது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய குழந்தையை முதல் இரண்டு மாதங்கள் பதினைந்து நாட்களுக்கொருமுறை எடை பார்க்கவேண்டும். நோய் திரும்புவது பெரும்பாலும் அக்காலத்திலேயே. வீட்டில் அதற்கு நாளைக்கு ஐந்தாறு வேளை உணவு தேவை. குழையப் பிசைந்த பருப்புச்சோற்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ, பொரித்த வேர்க்கடலையை நன்கு பொடித்து வெல்லத்தோடு கலந்தது, முட்டை, கிடைக்குமாயின் பால். பெரியோர் தட்டிலிருந்து ஊட்டாமல் குழந்தைக்கெனத் தனிக் கிண்ணம் ஒன்று வைத்தால்தான் அது எவ்வளவு உண்டது என்பது தாய்க்குத் தெரியும். தாய் வேலையிலிருக்கும் நேரத்தில் அக்கிண்ணத்தை நிரப்புவோர் யார் என்பதை, குழந்தை மருத்துவமனையை விட்டு நீங்குமுன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும்.